பழைய கணினியில் வியூக விளையாட்டு திணறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியூக விளையாட்டுகளை ஆடும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்ததே இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பழைய கணினி என்று இங்கே சொல்வது, வாங்கி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன, இரண்டு அல்லது நான்கு கோர் பிராசசரும் 4 அல்லது 8 ஜிபி ரேமும் உள்ள கணினியை. கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி. பிராசசருக்குச் செயலி என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லைக் கைபேசி ஆப்களும் எடுத்துக்கொண்டுவிட்டதால், குழப்பம் வேண்டாம் என்று பிராசசர் என்றே எழுதுகிறேன்.

1. மற்ற விளையாட்டுகள் எல்லாம் ஓரளவு நன்றாகத்தான் ஓடுகின்றன. வியூக விளையாட்டு மட்டும் ஏன் இப்படித் திணறுகிறது?

கார் பந்தய விளையாட்டையோ துப்பாக்கிச் சண்டை விளையாட்டையோ எடுத்துக்கொண்டால், உங்கள் கண்ணுக்கு எதிரே உள்ளதை அழகாக வரைந்து காட்டுவதுதான் கணினிக்குப் பெரிய வேலை. முதுகுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி அது அதிகம் கவலைப்படுவதில்லை. வியூக விளையாட்டு அப்படியல்ல. திரையில் நீங்கள் ஒரு சிறு கிராமத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், வரைபடத்தின் மறுமூலையில் உள்ள ஏழு அரசுகளின் படைவீரர்கள் எங்கே நடக்கிறார்கள், எந்த நகரம் எதைக் கட்டுகிறது, யார் யாருடன் போருக்குத் தயாராகிறார்கள் என்பதையெல்லாம் கணினி கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே இங்கே இரண்டு வகைச் சுமைகள் உள்ளன. திரையில் படத்தை வரைவது ஒன்று. அது கிராபிக்ஸ் கார்டின் வேலை. பின்னணியில் கணக்குப் போடுவது மற்றொன்று. அது பிராசசரின் வேலை. இவற்றைப் படச் சுமை என்றும் கணக்குச் சுமை என்றும் இனி குறிப்பிடுகிறேன். எந்தச் சுமையால் உங்கள் கணினி திணறுகிறது என்று தெரியாமல் செய்யும் வைத்தியம் எதுவும் பலிக்காது. நான் பார்த்தவரையில், மக்கள் வீணாக்கும் நேரமும் பணமும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் போகின்றன.

2. எந்தச் சுமை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டெல்லாரிஸ் போல நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டாக இருந்தால், ஆட்டம் நன்றாக முற்றிய நிலையில் அதை நிறுத்திவைத்துவிட்டு, மவுசால் வரைபடத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். நிறுத்திவைத்த நிலையில் வழவழவென்று நகர்ந்து, ஓடவிட்டதும் விக்கத் தொடங்கினால், அது கணக்குச் சுமை. நிறுத்திவைத்தபோதும் அதேபோல் விக்கினால் படச் சுமை. சிவிலைசேஷன் போல டர்ன் முறையில், அதாவது ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று முறை வைத்து, ஆடும் விளையாட்டுகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: உங்கள் டர்னில் எல்லாம் சீராக இருந்து, அடுத்த டர்னுக்கான பொத்தானை அழுத்திய பிறகு காத்திருக்க நேர்ந்தால், கணக்குச் சுமைதான் காரணம்.

இன்னும் சந்தேகம் இருந்தால், திரையின் ரெசொல்யூஷனை, அதாவது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, ஒருமுறை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிப் பாருங்கள். படம் மங்கலாகத்தான் தெரியும். சோதனைக்காக மட்டும் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வேகம் தெளிவாகக் கூடினால் படச் சுமை. கொஞ்சமும் மாறாவிட்டால் கணக்குச் சுமை.

3. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 25 சதவீதம்தான் வேலை செய்வதாகக் காட்டுகிறது. அப்புறம் எப்படி அது கணக்குச் சுமையாக இருக்க முடியும்?

கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவிதான் டாஸ்க் மேனேஜர். அது காட்டும் அந்த 25 என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. நான்கு கோர் உள்ள பிராசசரில் ஒரு கோர் மூச்சுவிடாமல் உழைத்து மற்ற மூன்றும் சும்மா இருந்தால், மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றுதான் வரும். டாஸ்க் மேனேஜர் எட்டுப் பிரிவுகளாகக் காட்டும் பிராசசரில் இதே நிலை 12 அல்லது 13 சதவீதமாகத் தெரியும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ள பிராசசர் வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றினால், பெரும்பாலும் ஒரே ஒரு கட்டம் மட்டும் மேலே முட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம். விண்டோஸ் அதே வேலையைக் கோர்களுக்கு இடையே மாற்றி மாற்றிக் கொடுத்தால் அந்தக் காட்சி கொஞ்சம் கலங்கித் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வியூக விளையாட்டின் கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல. ஓர் அரசு என்ன செய்தது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த அரசு முடிவெடுக்க முடியும். ஒரு வீரன் நகர்ந்த பிறகுதான் அந்த இடம் காலியா என்று அடுத்தவனுக்குத் தெரியும். ஒன்றன் பின் ஒன்றாகச் செய்தே தீர வேண்டிய கணக்கு எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்குக் கூடுதல் கோர்கள் பயன்படாமல் போகின்றன.

4. முதல் நூறு டர்ன் பறக்கிறது. 250 தாண்டியதும் ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு நிமிடம் காத்திருக்கிறேன். ஏதாவது பழுதா?

பழுதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒவ்வோர் அரசிடமும் ஒரு நகரமும் இரண்டு மூன்று படைகளும்தான் இருக்கும். 250ஆவது டர்னில் அதே அரசிடம் பத்து நகரங்களும், முப்பது நாற்பது படைகளும், வணிகப் பாதைகளும் இருக்கின்றன. கூடவே, அரசுகளுக்கு இடையிலான உறவுகளையும் கணக்கிட வேண்டும். ஆறு அரசுகள் என்றால் 15 ஜோடி உறவுகள். பன்னிரண்டு அரசுகள் என்றால் 66. அரசுகள் இரட்டிப்பானால் அவற்றுக்கிடையிலான கணக்கு நான்கு மடங்குக்கும் மேலாகிறது.

இவற்றில் அதிகம் விழுங்குவது வழி தேடும் வேலை. ஒரு படையை வரைபடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அனுப்பினால், மலை, ஆறு, எதிரியின் எல்லை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு எப்படிப் போவது என்று கணினி தேடுகிறது. பெரும்பாலான விளையாட்டுகள் இதற்குப் பயன்படுத்துவது 1968இல் வெளியான ஏ-ஸ்டார் என்ற முறையை அல்லது அதன் உறவுமுறைகளை. வழி இருந்தால் இந்த முறை வேகமாகவே கண்டுபிடித்துவிடும். வழியே இல்லாவிட்டால்தான் சிக்கல்: இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு, எட்டக்கூடிய இடம் முழுவதையும் அது துழாவிப் பார்த்தாக வேண்டும். சுற்றிலும் மதில் எழுப்பி வாசலை மூடிவிட்ட ஊருக்குள் நாற்பது குதிரை வீரர்களை ஒரே சொடுக்கில் போகச் சொல்லிப் பாருங்கள். பழைய விளையாட்டுகளில் திரை ஒரு கணம் உறைந்தே போகும்.

5. அப்படியானால் கணக்குச் சுமையைக் குறைக்க வழியே கிடையாதா?

இருக்கிறது. ஆனால் அது கிராபிக்ஸ் செட்டிங்கில் இல்லை. புதிய ஆட்டம் தொடங்கும்போது வரும் திரையில் இருக்கிறது. பெரும்பாலோர் அந்தத் திரையை ஒரு நொடியில் கடந்துவிடுகிறார்கள். பழைய கணினி வைத்திருப்பவருக்கு அந்த விளையாட்டிலேயே முக்கியமான திரை அதுதான் என்பது என் கருத்து.

சிவிலைசேஷன் 5, 6 இரண்டிலும் வரைபட அளவுகள் ஆறு: மிகச் சிறியதில் இயல்பாக 2 அரசுகள், அடுத்தடுத்து 4, 6, 8, 10, மிகப் பெரியதில் 12. எட்டு அல்லது அதற்கு மேல் அரசுகள் உள்ள அளவு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அதை ஆறுக்கோ நான்குக்கோ இறக்குங்கள். ஸ்டெல்லாரிஸில் விண்மீன் மண்டலத்தை 200 விண்மீன்கள் முதல் 1000 வரை அமைக்கலாம். பழைய கணினிக்கு 200 அல்லது 400 போதும். அதே திரையில் வாழத்தக்க கோள்களின் அளவைக் குறைக்கும் தெரிவும் உள்ளது. மக்கள்தொகை பெருகப் பெருக மெதுவாகும் அந்த விளையாட்டில் அதற்கு நல்ல பலன் உண்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் எட்டுப் பேர் ஆளுக்கு 200 என்ற உச்சவரம்போடு ஆடினால், கடைசியில் வரைபடத்தில் 1600 உயிர்கள் நடமாடும். நான்கு பேர், ஆளுக்கு 100 என்று வைத்தால் 400. எந்தக் கிராபிக்ஸ் செட்டிங்கும் இந்த அளவு வித்தியாசத்தைத் தராது. டோட்டல் வார் விளையாட்டுகளில் இதே வேலையைப் படைப்பிரிவின் அளவைத் தீர்மானிக்கும் தெரிவு செய்கிறது.

ஆட்டத்தின் சுவை குறைந்துவிடுமே என்று சிலர் கேட்பார்கள். சிறிய வரைபடத்தில் எதிரி சீக்கிரமே வாசலுக்கு வந்துவிடுவதால், எனக்கென்னவோ அதில்தான் ஆட்டம் சூடாக இருக்கிறது.

6. ஏற்கெனவே 300 டர்ன் ஆடிவிட்டேன். இந்த ஆட்டத்தை விட மனமில்லை. இதைக் காப்பாற்ற ஏதாவது செய்யலாமா?

முழுவதும் காப்பாற்ற முடியாது. கொஞ்சம் இளைப்பாற வைக்கலாம். முதலில் நகர்வையும் சண்டையையும் படமாகக் காட்டாமல் உடனே முடிக்கும் தெரிவுகளை இயக்குங்கள். சிவிலைசேஷனில் விரைவு நகர்வு, விரைவுச் சண்டை என்று இரண்டு உண்டு. மற்ற அரசுகளின் படை ஒவ்வொன்றும் நடந்து முடியும்வரை திரை காத்திருந்த நேரம் இதனால் மிச்சமாகும். காத்திருப்பில் ஒரு பகுதி உண்மையில் கணக்கே அல்ல, வெறும் வேடிக்கை என்பது அப்போது தெரியும்.

அடுத்து, தானே சுற்றித் திரியும்படி விட்டுவைத்த உளவுப் படைகளையும், வேலையில்லாமல் நிற்கும் பழைய படைகளையும் கலைத்துவிடுங்கள். தானியங்கிச் சேமிப்பு ஒவ்வொரு டர்னுக்கும் நடந்தால் ஐந்து டர்னுக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 போன்றவற்றில் மாதம் ஒருமுறை என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்குங்கள். முற்றிய ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பு பெரிதாகிவிடுவதால், ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அதை எழுதி முடிக்கவே சில நொடிகள் பிடிக்கும்.

மூன்று நான்கு மணிநேரம் தொடர்ந்து ஆடிய பிறகுதான் மெதுவாகிறது, சேமித்து மூடிவிட்டுத் திறந்தால் சரியாகிவிடுகிறது என்றால், அது கணக்குச் சுமை அல்ல. விளையாட்டு தான் எடுத்த ரேமைத் திருப்பித் தராமல் சேர்த்துக்கொண்டே போகிறது. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மூடித் திறப்பதே அதற்கு மருந்து.

7. ஒரு மாற்றம் செய்தால் வேகம் கூடியதுபோலத்தான் தோன்றுகிறது. அது உண்மையா, என் மனப்பிரமையா?

நல்ல கேள்வி; இதை மிகச் சிலரே கேட்கிறார்கள். ஆட்டம் முற்றிய நிலையில் ஒரு சேமிப்பைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைத் திறந்து, அடுத்த டர்ன் பொத்தானை அழுத்தியதிலிருந்து மீண்டும் உங்கள் கைக்கு ஆட்டம் வரும்வரை கைபேசியின் ஸ்டாப்வாட்சால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை அளந்து நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே சேமிப்பைத் திறந்து, மறுபடி அளந்து பாருங்கள். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டு என்றால், உச்ச வேகத்தில் விளையாட்டுக்குள் ஓராண்டு கடக்க எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள்.

சிவிலைசேஷன் 6இல் இதற்கென்றே இரண்டு சோதனைகள் உள்ளே இருக்கின்றன: ஒன்று கிராபிக்ஸுக்கு, மற்றொன்று எதிரி அரசுகளின் கணக்குக்கு. நான் ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு ஒரு மாதம் எல்லோரிடமும் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது 41 நொடி, 41 நொடியாகவே இருந்தது.

8. கிராபிக்ஸ் செட்டிங்கில் இருபது முப்பது தெரிவுகள் இருக்கின்றன. எதை முதலில் குறைப்பது?

உங்களுடையது படச் சுமை என்று இரண்டாம் கேள்வியில் சொன்ன சோதனையால் உறுதியான பிறகு இதற்கு வாருங்கள். முதலில் நிழல். வரைபடம் முழுக்க மரமும் வீடும் வீரரும் நிறைந்த விளையாட்டில், ஒவ்வொன்றின் நிழலையும் வரைவது ஏறக்குறைய எல்லாவற்றையும் இன்னொரு முறை வரைவதற்குச் சமம். அதோடு, எதை எதை வரைய வேண்டும் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது பிராசசர் என்பதால், நிழலை அணைத்தால் அதன் தலையிலிருந்தும் கொஞ்சம் பாரம் இறங்கும். அடுத்து ஆன்டி-அலையாசிங் (விளிம்புகளின் பிசிறை மழுப்புவது), நீரில் தெரியும் பிரதிபலிப்பு, புகை, மூடுபனி. பொருட்களின் மேற்பரப்பில் போர்த்தும் படமான டெக்ஸ்சரின் தரத்தைக் கடைசியாகத் தொட்டால் போதும்; கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் போதுமான அளவு இருந்தால், அதைக் குறைப்பதால் வேகம் பெரிதாகக் கூடாது.

ரெசொல்யூஷனைக் குறைப்பதுதான் பலமான ஆயுதம். 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 1366×768இல் ஏறக்குறைய பாதி. 1280×720இல் சுமார் 9.2 லட்சம். ஆனால் வியூக விளையாட்டு என்பது படிக்க வேண்டிய விளையாட்டு. ரெசொல்யூஷனைக் குறைத்தால் சிறிய எழுத்துகளும் எண்களும் கலங்கிவிடும். உங்கள் விளையாட்டில் எழுத்தை அப்படியே விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் குறைந்த புள்ளிகளில் வரையும் ரெண்டர் ஸ்கேல் தெரிவு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சிவிலைசேஷன் 5, 6 இரண்டிலும் நிலப்பரப்பைத் தட்டையான வரைபடமாகக் காட்டும் பார்வை ஒன்று உண்டு. அழகு கொஞ்சம் குறையும். பலவீனமான கிராபிக்ஸுக்கு அது வரப்பிரசாதம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் 2019 பதிப்புக்கு உயர்தரப் படங்கள் தனி இலவச இணைப்பாக வருகின்றன. பழைய கணினியில் அதை நிறுவாமலிருப்பதே புத்திசாலித்தனம்.

9. நொடிக்கு 60 ஃப்ரேம் வராவிட்டால் ஆடவே முடியாது என்கிறார்களே?

ஃப்ரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படம். துப்பாக்கிச் சண்டைக்கு 60 என்பது பொருந்தும். யோசித்து ஆடும் விளையாட்டுக்கு 30 போதும். விளையாட்டிலேயே ஃப்ரேம் வரம்பை 30 என்று வைத்துவிட்டால், கணினி தேவையில்லாமல் படம் வரைந்து சூடேறுவது குறையும். மடிக்கணினியில் பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே மின்சாரத்தையும் ஒரே விசிறியையும் பங்குபோட்டுக்கொள்வதால், படத்துக்குச் செலவழிக்காத சக்தி கணக்குக்குக் கிடைக்கும்.

10. லேப்டாப்பில் அரை மணிநேரம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் திடீரென்று எல்லாமே தொய்ந்துவிடுகிறது. விசிறி மட்டும் கத்துகிறது.

இது வெப்பம். பிராசசர் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடானால், பெரும்பாலானவற்றில் 90 முதல் 100 டிகிரி செல்சியஸுக்குள், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். தொடக்கத்தில் 3க்கு அருகில் இருந்தது, தொய்ந்த நேரத்தில் 1.2க்கு இறங்கியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

என் பழைய மடிக்கணினியில் இதே தொல்லை இருந்தது. விளையாட்டின் மீதுதான் பழி போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேட்டரியைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்து பார்த்தால், விரலால் தட்டியதும் விசிறி நன்றாகவே சுற்றியது. ஆனால் விசிறிக்கும் செம்பு நிறத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டைக் கத்தரித்து வைத்ததுபோல் தூசு படிந்து காற்றின் வழியை முழுவதும் அடைத்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் வராது. இடுக்கியால் எடுக்க வேண்டியிருந்தது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் அது கெட்டுப்போகலாம். பல ஆண்டுகள் ஆன கணினியில் பிராசசர் மேலுள்ள வெப்பப் பசையும் காய்ந்து பொடியாகியிருக்கும். திறந்த கையோடு அதையும் துடைத்துப் புதிதாக இடலாம். பழக்கமில்லாதவர் இதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

திறக்க முடியாத நிலையில், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பிராசசரின் உச்ச நிலையை 100க்குப் பதில் 99 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். பல பிராசசர்களில் இது டர்போ எனப்படும் கூடுதல் பாய்ச்சலை நிறுத்திவிடும். தொடக்க வேகம் குறையும். ஆனால் ஏறி இறங்காமல் சீராக ஓடும். சூடேறாத கணினியில் இதைச் செய்யாதீர்கள், வெறும் நஷ்டம்.

11. சார்ஜர் போடாமல் ஆடினால் மெதுவாகுமா?

ஆகும். பேட்டரியில் ஓடும்போது மடிக்கணினி வேகத்தைக் கட்டிப்போடும். சார்ஜரைச் செருகி, பவர் ஆப்ஷன்ஸில் உயர் செயல்திறன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஆடுங்கள்.

12. ரேமைக் கூட்டினால் வேகம் வருமா?

இப்போது ரேம் போதவில்லை என்றால் மட்டும் வரும். ஆட்டம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ரேம் 90 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்து, ஹார்டு டிஸ்க்கும் 100 சதவீதத்தில் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தால், இடம் போதாமல் ரேமில் வைக்க வேண்டியதை டிஸ்க்கில் வைத்து எடுக்கிறது என்று பொருள். 4 ஜிபியிலிருந்து 8க்குப் போனால் அந்த விக்கல் நிற்கும். 8 ஜிபியில் பாதி காலியாக இருப்பவர் 16 போட்டால் ஒன்றும் நடக்காது.

தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அவற்றில் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. 8 ஜிபி துண்டு ஒன்றைவிட 4 ஜிபித் துண்டுகள் இரண்டு இருந்தால், தகவல் போய்வரும் பாதை இரட்டிப்பாகி, படச் சுமை கண்கூடாகக் குறையும். ஆகவே காலியாக உள்ள இடத்தில் இன்னொரு துண்டைச் சேர்ப்பது பயனுள்ளதே.

இன்னொன்று: சிவிலைசேஷன் 5 போன்ற 32 பிட் விளையாட்டுகளால் கணினியில் எவ்வளவு ரேம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடியாது.

13. எஸ்எஸ்டி போடச் சொல்கிறார்கள். போடலாமா?

எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். போடலாம், கணினியின் மற்ற எல்லா வேலைக்கும் அதைப்போல் நல்ல மாற்றம் வேறில்லை. விளையாட்டு திறக்கும் நேரமும், சேமிப்பை ஏற்றும் நேரமும், ஆறாம் கேள்வியில் சொன்ன தானியங்கிச் சேமிப்பின் தடங்கலும் வெகுவாகக் குறையும். ஆனால் ஒரு டர்னுக்கு ஆகும் ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகவே இருக்கும். அந்த எதிர்பார்ப்போடு பணம் போடாதீர்கள்.

14. நண்பர் ஒருவர் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தருகிறேன் என்கிறார். வாங்கிப் போடட்டுமா?

உங்களுடையது படச் சுமை என்றால் போடுங்கள். கணக்குச் சுமை என்றால், அழகான படத்தோடு காத்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

மடிக்கணினி வைத்திருப்போர் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினிகளில், விண்டோஸ் சில சமயம் விளையாட்டைப் பலவீனமான ஒன்றில் ஓடவிட்டுவிடும். விண்டோஸ் 10இன் டிஸ்ப்ளே அமைப்புகளின் அடியில் உள்ள கிராபிக்ஸ் பகுதிக்குச் சென்று, அந்த விளையாட்டைச் சேர்த்து, உயர் செயல்திறன் என்று குறித்துவிடுங்கள். பணமே செலவில்லாமல் சிலருக்கு வேகம் இரட்டிப்பானதைப் பார்த்திருக்கிறேன்.

15. கேம் பூஸ்டர், ரேம் கிளீனர் என்றெல்லாம் இருக்கிறதே, அவை உதவுமா?

உதவாது. ரேமைக் காலி செய்வதாகச் சொல்லும் மென்பொருள், பயன்பாட்டில் உள்ளதை டிஸ்க்குக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த நொடியே விளையாட்டு அதைத் திரும்பக் கேட்கும். அவை செய்யும் உருப்படியான வேலையை நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம்: பிரௌசரை முழுவதும் மூடுங்கள், கணினியோடு சேர்ந்து தாமாகத் திறந்துகொள்பவற்றை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் நிறுத்துங்கள், விண்டோஸ் கேம் பாரில் பின்னணியில் பதிவு செய்யும் வசதி இயங்கினால் அதை அணையுங்கள். கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரை, அந்தக் கிராபிக்ஸைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் புதுப்பியுங்கள்.

16. நண்பர்களோடு ஆன்லைனில் ஆடினால், என்னால் எல்லோருக்கும் ஆட்டம் மெதுவாகிறது என்று திட்டுகிறார்கள். என் இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. இது எப்படி?

திட்டுவது சரியல்ல, ஆனால் அவர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். 1997இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை உருவாக்கியவர்களுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. நொடிக்கு 28.8 கிலோபிட் மட்டுமே கடத்தும் மோடத்தின் வழியே, எட்டுப் பேரின் நூற்றுக்கணக்கான வீரர்கள் நிற்கும் இடங்களை அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே யார் எந்தக் கட்டளை இட்டார் என்பதை மட்டும் அனுப்பி, முழு ஆட்டத்தையும் ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக, ஒரே மாதிரி கணக்கிடும்படி அமைத்தார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2, சுப்ரீம் கமாண்டர் உட்படப் பல விளையாட்டுகள் இதே வழியில் செல்கின்றன.

இதில் எல்லாக் கணினிகளும் ஆட்டத்தின் ஒரே கணத்தில் இருக்க வேண்டும். ஒன்று பின்தங்கினால் மற்றவை காத்திருக்கும். கூட்டமாக நடப்பவர்கள் மெதுவாக நடப்பவருக்காக நிற்பதைப் போல, ஏழு நல்ல கணினிகள் உங்கள் ஒரு கணினிக்காக நிற்கின்றன. இணையத்தை வேகமாக்கினால் இது தீராது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் 2019 பதிப்பில், தரவரிசை ஆட்டங்களில் சேருமுன் கணினியைச் சோதித்து 1000 புள்ளி பெற வேண்டும் என்று விதி வைத்ததும் இந்தக் காரணத்தால்தான். நண்பர்களுக்குள் ஆடும்போது, ஐந்தாம் கேள்வியில் சொன்னபடி உச்சவரம்பையும் வரைபடத்தையும் குறைத்துக்கொள்ளும்படி கேளுங்கள்.

17. 1990களில் வந்த பழைய விளையாட்டு. என் கணினி அதைவிடப் பல மடங்கு வேகமானது. அதுவும் திணறுகிறதே!

இங்கே காரணம் நேர்மாறானது. அக்காலத்து விளையாட்டுகள் பல டைரக்ட்டிரா என்ற முறையில் படம் வரைந்தன. இன்றைய விண்டோஸ் அந்த முறைக்கு நேரடியாக வன்பொருளைத் தருவதில்லை. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது, அது சில சமயம் மெதுவாகவும், நிறங்கள் தாறுமாறாகவும் வந்து முடிகிறது. அந்தக் கட்டளைகளைப் புதிய முறைக்கு மாற்றித் தரும் சிஎன்சி-டிடிரா போன்ற சிறு இலவசக் கோப்பை விளையாட்டின் கோப்புறையில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸின் பொருந்துமை அமைப்புகளை அதற்கு முன்பே முயன்றுபார்க்கலாம்.

18. விண்டோஸ் 7க்கே திரும்பிவிடலாமா? அல்லது லினக்ஸ் போடலாமா?

திரும்ப வேண்டாம். விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. எனவே விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ், பழைய கணினிக்கு நியாயமான யோசனைதான். இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பைப் போட்டால் ரேமில் நல்ல இடம் மிஞ்சும்.

ஆனால் ஒரு தடை உள்ளது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் 2018இல் கொண்டுவந்த மென்பொருள் புரோட்டான். படம் வரையச் சொல்லும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை அது பெரும்பாலும் வல்கன் என்ற வேறொரு முறைக்கு மாற்றி ஓட்டுகிறது. வல்கனை முழுமையாக ஆதரிக்காத மிகப் பழைய கிராபிக்ஸில் அது சரியாக வராது. லினக்ஸுக்கென்றே வெளியான விளையாட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. வல்கன் இருக்கிறதா என்று பார்க்காமல் விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.

19. எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இந்தக் கணினியில் சுகமாக ஆடக்கூடிய வியூக விளையாட்டு எதுவும் உண்டா?

நிறைய உண்டு. 2003இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவரும் பேட்டில் ஃபார் வெஸ்நாத் இலவசம். டர்ன் முறையில் ஆடுவது. மிகக் குறைந்த வசதியிலும் ஓடும். ஃப்ரீசிவ், ஓப்பன்ஆர்ஏ இரண்டும் இலவசம்தான்; ஓப்பன்ஆர்ஏ மட்டும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. காசு கொடுத்து வாங்குவதென்றால் 2005இல் வந்த சிவிலைசேஷன் 4ஐ இன்றும் தயங்காமல் சொல்வேன். 0 ஏ.டி. என்ற இலவச விளையாட்டைப் பலர் பரிந்துரைப்பார்கள். அழகானதுதான், ஆனால் படைகள் பெருகும்போது வழி தேடும் கணக்கால் அதுவும் திணறும், ஆகவே குறைந்த உச்சவரம்போடு தொடங்குங்கள்.

20. கடைசியில் வேறு கணினிக்கே மாறுகிறேன் என்று வையுங்கள். எட்டு கோர் இருந்தால் என் நான்கு கோரைவிட இரண்டு மடங்கு வேகமாக இருக்குமா?

இருக்காது என்பதை மூன்றாம் கேள்வியின் பதிலிலிருந்தே ஊகித்திருப்பீர்கள். ஒரு டர்னின் கணக்கில் பாதி மட்டுமே கோர்களுக்குப் பிரிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். கோர்களின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் மீதிப் பாதி அப்படியே நிற்கும். 60 நொடி டர்ன் ஒருபோதும் 30 நொடிக்குக் கீழே வராது. 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த இந்தக் கணக்கு அவர் பெயராலேயே அம்டால் விதி எனப்படுகிறது.

எனவே கோர்களின் எண்ணிக்கையைவிட, ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள். அடுத்து பிராசசருக்குள்ளேயே இருக்கும் கேஷ் நினைவகத்தின் அளவு. ஆயிரக்கணக்கான சிறுசிறு தகவல்களைத் திரும்பத் திரும்பத் தொடும் வியூக விளையாட்டுக்கு அது பெரியதாக இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். மெலிதான மடிக்கணினியில் பத்தாம் கேள்வியின் வெப்பச் சிக்கல் புதிதாக இருக்கும்போதே வரலாம். ஏழாம் கேள்வியில் எடுத்துவைக்கச் சொன்ன சேமிப்பையும் உங்கள் பழைய அளவையும் ஒரு பென்டிரைவில் கொண்டுபோய், அந்தக் கணினியை வைத்திருப்பவர் சம்மதித்தால், பணம் கொடுக்குமுன் அதே டர்னை அதில் ஓட்டி அளந்து பாருங்கள்.